கெட்டிமேளமும் இரட்டைச் சூரியன்களும்

கேள்வி: ஸ்டார் வார்ஸ் படங்கள் ஒன்பதையும் வரிசையாகப் பார்த்து முடித்தேன். எல்லாரும் அதன் இசையைப் புகழ்கிறார்கள். எனக்கு இரண்டு சந்தேகம். விண்வெளிக் கதைக்கு வயலினும் டிரம்பெட்டும் எதற்கு, மின்னணு ஒலி தரும் சிந்தசைசர்தானே பொருத்தம்? அப்புறம், ஒன்பது படத்திலும் அதே சில டியூன்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. இது சோம்பேறித்தனம் இல்லையா?

பதில்:

கோடம்பாக்கத்து ரெக்கார்டிங் கூடங்களில் நான் பல வருஷம் வயலின் வாசித்தவன். இப்போது வடபழனியில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த இரண்டு சந்தேகமும் என் மாணவர்களுக்கும் வருவதுண்டு. இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். அது தெளிந்தால் முதலாவது தானாகத் தெளிந்துவிடும்.

கல்யாண மண்டபத்தில் மாடியில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கீழே மேடையில் என்ன நடக்கிறதென்று தெரியாது. திடீரென்று நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்து உச்சத்துக்குப் போகின்றன. கெட்டிமேளம். தாலி ஏறிவிட்டது என்று இலையை விட்டு எழாமலே உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அவர் எதையும் பார்க்கவில்லை, கேட்டார், அவ்வளவுதான். மயிலாப்பூரில் பங்குனி உற்சவத்தின்போது கம்பீர நாட்டையில் மல்லாரி கிளம்பினால், சுவாமி புறப்பாடு ஆயிற்று என்று மாட வீதியில் நிற்பவர்கள் எல்லாரும் நிமிர்ந்து நிற்பார்கள். போன வருஷமும் இதே மல்லாரிதானே என்று யாரும் அலுத்துக்கொள்வதில்லை. போன வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும் கேட்டதால்தான் இந்த வருஷம் அதைக் கேட்டதும் உடம்பு சிலிர்க்கிறது.

ஸ்டார் வார்ஸில் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் செய்தது இந்த வேலையைத்தான். ஆளுக்கு ஒரு டியூன், உறவுக்கு ஒரு டியூன், கண்ணுக்குத் தெரியாத ஒரு சக்திக்கு ஒரு டியூன். ஐரோப்பாவில் வாக்னர் 19ஆம் நூற்றாண்டிலேயே தன் நான்கு நாடக இசைத் தொடரில் இதைப் பெரிதாகச் செய்து காட்டிவிட்டார். வழி புதிதில்லை. ஆனால் 1977இலிருந்து 2019 வரை, 42 வருஷம், ஒரே கதைக்கு ஒரே மனிதர் அந்த டியூன்களை வளர்த்துக்கொண்டே போனது சினிமாவில் அபூர்வம். தொடங்கும்போது அவருக்கு வயது 45. ஒன்பதாவது படம் வந்தபோது 87. இயக்குநர்கள் மாறினார்கள், நடிகர்கள் மாறினார்கள், கம்பெனியே கை மாறியது. கதைக்கு நடந்ததையெல்லாம் நினைவு வைத்திருந்தது இசைதான். நான் சொல்ல வருவதும் அதுதான்: அந்தப் படங்களில் இசை என்பது ஞாபகம்.

இப்போது முதல் கேள்வி. சிந்தசைசர்தானே பொருத்தம் என்று நீங்கள் கேட்பதில் நியாயம் உண்டு. 1956இலேயே ‘ஃபர்பிடன் பிளானட்’ படத்துக்கு லூயி பாரன், பெபே பாரன் தம்பதி முழுக்க முழுக்க மின்னணு ஒலியாலேயே இசை அமைத்துவிட்டார்கள். 1968இல் ஸ்டான்லி குப்ரிக் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’க்கு ஏற்கனவே இருந்த செவ்வியல் இசைத்தட்டுகளை எடுத்துப் பயன்படுத்தினார். ஸ்டார் வார்ஸ் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸுக்கும் முதலில் அந்த மாதிரி யோசனைதான். எடிட்டிங்கின்போது ஹோல்ஸ்ட், கோர்ன்கோல்ட் போன்றவர்களின் இசையைத் தற்காலிகமாக ஒட்டி வைத்துப் பார்த்தார். ‘ஜாஸ்’ படத்தில் வில்லியம்ஸோடு வேலை செய்திருந்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்தான் அவரைக் கைகாட்டினார்.

எடுத்து ஒட்டிய சிம்பொனித் துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைக் கதையோடு வளர்க்க முடியாது என்பது வில்லியம்ஸ் சொன்ன நியாயம். ஒரு காட்சியில் வந்த டியூனை அடுத்த காட்சியில் சோகமாக்க வேண்டும், அதற்கடுத்ததில் இரண்டு டியூனைப் பின்ன வேண்டும் என்றால் அந்த டியூன் அந்தப் படத்துக்காகவே பிறந்ததாக இருக்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. திரையில் தெரிவது எதுவும் நமக்குப் பழக்கமில்லை. வேறு கிரகம், வேறு உயிர்கள், ரோமம் மூடிய விமான ஓட்டி. கண்ணுக்கு எல்லாமே அந்நியம். காதுக்கும் அந்நியமான ஒலியைக் கொடுத்தால் பார்ப்பவன் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் இல்லை. அதனால் காதுக்கு மட்டும் ரொம்பப் பழைய, பழகிய உணர்ச்சியைக் கொடுத்தார்கள். வீரம் என்றால் டிரம்பெட், தனிமை என்றால் ஹார்ன், பாசம் என்றால் வயலின். பார்வையாளனின் கையைப் பிடித்து அந்த ஊருக்குள் கூட்டிப்போனது இசை.

1977 மார்ச்சில் இங்கிலாந்தில் டென்ஹம் என்ற ஊரில் அன்வில் ஸ்டுடியோவில், லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை வைத்து ஒலிப்பதிவு செய்தார்கள். இரண்டு மணி நேரப் படத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் இசை. நம் பாஷையில் சொன்னால் அது அத்தனையும் ரீ-ரெக்கார்டிங், அதாவது பின்னணி இசை. ஆர்.ஆர். வாசித்தவர்களுக்குத்தான் அந்த ஒன்றரை மணி நேரம் என்றால் என்னவென்று தெரியும். திரையில் படம் ஓடும், கண்டக்டர் ஒரு கண்ணைப் படத்திலும் ஒரு கண்ணை ஸ்கோரிலும் வைத்திருப்பார், கதவு திறக்கும் இடத்தில் நம் வில் திரும்பியிருக்க வேண்டும். அரை நொடி தவறினால் மறுபடியும் முதலிலிருந்து டேக்.

அந்த ஒலிப்பதிவில் முதல் டிரம்பெட் வாசித்தவர் மாரிஸ் மர்ஃபி. லண்டன் சிம்பொனியின் முதன்மை டிரம்பெட்டாக அவருக்கு அதுதான் முதல் நாள் வேலை. டைட்டில் இசையில் உச்சிக்குப் பாயும் அந்த டிரம்பெட் அவருடையது. 2005இல் வந்த ஆறாவது படம் வரைக்கும் அவரே வாசித்தார். என்னைப் போன்ற வாத்தியக்காரனுக்கு இது பெரிய விஷயம். பின்பாட்டுக்காரர் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் 28 வருஷம் அந்தக் கதைக்கு ஒரே மனிதரின் மூச்சு போயிருக்கிறது. கீபோர்டில் வைத்த டிரம்பெட் ஒலி எந்த வருஷம் அழுத்தினாலும் ஒன்றுதான். ஒரு மனிதரின் மூச்சு அப்படி இல்லை, அவரோடு சேர்ந்து அதற்கும் வயதாகும்.

சரி, டியூன்களுக்கு வருவோம். உங்களுக்குக் கொஞ்சம் சரளிவரிசை தெரிந்திருந்தால் போதும். டைட்டில் டியூனைப் பாடிப் பாருங்கள்: ச, ப, ம க ரி மேல்ச, ப, ம க ரி மேல்ச, ப, ம க ம ரி. அப்படியே சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். கமகம் இல்லாததால் நம் சங்கராபரணமாகக் கேட்காது, ஆனால் விரல் போகும் இடங்கள் அவைதான். முதலில் ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரு தாவல். அடுத்து ரிஷபம் வரை இறங்கி வந்து, அங்கிருந்து மேல் ஷட்ஜத்துக்கு இன்னும் பெரிய தாவல். விழுந்து எழுந்து முதலில் போனதைவிட உயரமாகப் போவது. லூக் ஸ்கைவாக்கர் என்ற பண்ணைப் பையனின் கதை முழுக்க அந்த இரண்டு வரியில் இருக்கிறது.

இன்னொரு டியூன் ‘ஃபோர்ஸ்’ என்ற அந்தச் சக்திக்கானது. அது நடபைரவியை ஞாபகப்படுத்தும் மைனர் ஸ்கேலில், கீழ்ப் பஞ்சமத்தில் தொடங்கி ஷட்ஜத்துக்கு ஏறி, அங்கிருந்து ரிஷபம், காந்தாரம் என்று மெதுவாக நடக்கிறது. இதில் ஒரு அழகு பாருங்கள். லூக்கின் டியூன் ச-விலிருந்து ப-வுக்குப் போகிறது. ஃபோர்ஸின் டியூன் ப-விலிருந்து ச-வுக்கு வருகிறது. அதே இரண்டு ஸ்வரங்கள். ஒன்று வீட்டை விட்டுப் புறப்படுவது போலவும், மற்றொன்று வீட்டுக்கு வந்து சேர்வது போலவும் எனக்குக் கேட்கும். வில்லியம்ஸ் அப்படி நினைத்து எழுதினாரோ இல்லையோ, வாசிக்கும் விரலுக்கு அப்படித்தான் தெரிகிறது.

அந்த டியூன் முழுசாக வெளிப்படும் இடத்தை நீங்கள் மறுபடியும் பார்க்க வேண்டும். முதல் படத்தில், இந்த வருஷமும் நீ போக முடியாது, அறுவடைக்கு ஆள் வேண்டும் என்று மாமா சொல்லிவிடுகிறார். லூக் சாப்பாட்டை விட்டு எழுந்து வெளியே வருகிறான். மணல் மேட்டில் நிற்கிறான். வானத்தில் இரண்டு சூரியன்கள் அஸ்தமிக்கின்றன. ஒரு வசனம் கிடையாது. பையன் நிற்கிறான், காற்றில் முடி அசைகிறது, அவ்வளவுதான் படம். ஒற்றை ஹார்ன் அந்த டியூனைத் தொடங்குகிறது. பிறகு வயலின்கள் மொத்தமாக வந்து அதைத் தூக்கிக்கொண்டு போகின்றன. ஹார்ன் வாசிக்கும்போது அது ஒரு பையனின் ஏக்கம். வயலின்கள் வந்ததும் அது அவன் விதி. வாய்விட்டுச் சொன்னால் சப்பென்று போயிருக்கும் ஒரு விஷயம், இரண்டு வாத்தியங்களுக்கு நடுவில் சொல்லாமலே சொல்லப்பட்டுவிடுகிறது.

என் மாணவர்களுக்கு இந்தக் காட்சியைச் சத்தத்தை நிறுத்திவிட்டு முதலில் போட்டுக்காட்டுவேன். பையன் சும்மா நிற்கிறான் சார் என்பார்கள். பிறகு சத்தத்தோடு. போன வருஷம் ஒரு பதினோரு வயதுப் பெண், பார்த்து முடித்ததும், “அவனுக்கு அவங்க அப்பா ஞாபகம் வருது போல சார்” என்றாள். அந்தக் காட்சியில் அப்பா என்ற பேச்சே இல்லை. அவள் அதற்கு முன் அந்தப் படங்கள் எதையும் பார்த்ததும் இல்லை. எனக்கு அன்று முழுக்க வேறு பாடம் எடுக்க மனம் வரவில்லை.

இதிலும் ஒரு சின்ன வரலாறு உண்டு. வில்லியம்ஸ் அந்தக் காட்சிக்கு முதலில் எழுதிய இசை வேறு, இன்னும் இருண்டது. லூகாஸ்தான் அதை வேண்டாம் என்று சொல்லி, லூக்குக்கு வழிகாட்டும் கிழவர் ஓபி-வானோடு வரும் அந்த டியூனை இங்கே போடக் கேட்டார். ஒரு இயக்குநரின் காது எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைத்தான் எப்போதும் சொல்வேன். கிழவருக்கான டியூனைப் பையனுக்குக் கொடுத்தபோது, இருவருக்கும் ஒரே பாதை என்பது படம் தொடங்கிய அரை மணி நேரத்திலேயே காதுக்குத் தெரிந்துவிட்டது.

முகமூடி போட்ட வில்லன் டார்த் வேடரின் மார்ச், அந்த அணிவகுப்பு டியூன், உங்களுக்கு நிச்சயம் மனப்பாடமாக இருக்கும். ஆனால் அது முதல் படத்தில் கிடையாது. 1977 படத்தில் வேடருக்கு ஏதோ ஒரு சின்ன முறைப்பான பிட்தான். 1980இல் இரண்டாவது படத்துக்குத்தான் இந்த மார்ச் பிறந்தது. படம் வெளிவருவதற்குச் சில வாரம் முன்பே பாஸ்டன் பாப்ஸ் ஆர்கெஸ்ட்ராவின் கச்சேரியில் அதை வாசித்துவிட்டார்கள். ஸ்வரமாகச் சொன்னால் ச ச ச, கீழ்த்த க ச, கீழ்த்த க ச. குழந்தைகூட வாசிக்கலாம். பயம் எங்கிருந்து வருகிறது என்றால் அடியில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்திலிருந்து, அதாவது கார்டிலிருந்து. முதல் மூன்று ஸ்வரத்துக்கு ஜி மைனர். நான்காவதில் கார்டு இ ஃபிளாட் மைனருக்கு மாறுகிறது. அதில் உள்ள ஒரு ஸ்வரம் அந்த ஸ்கேலுக்கே சொந்தமில்லாத அந்நிய ஸ்வரம். மேலே டியூன் ஒழுங்காக நடைபோடுகிறது, கீழே தரை நழுவுகிறது. என் மாணவர்களிடம் கார்டை மாற்றாமல் ஜி மைனரிலேயே வைத்து ஒரு தடவை, மாற்றி ஒரு தடவை வாசித்துக் காட்டுவேன். முதலாவது பள்ளிக்கூட அணிவகுப்பு போல இருக்கும். இரண்டாவதில் வேடர் வந்துவிடுவார்.

இந்த மார்ச் 1983இல் மூன்றாவது படத்தின் முடிவில் என்ன ஆகிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். வேடர் சாகிறார். மகன் லூக் முகமூடியைக் கழற்றுகிறான். உள்ளே வெளிறிப்போன ஒரு வயதானவரின் முகம். அப்போது வருவதும் அதே மார்ச்தான். டிரம்பெட்டும் டிராம்போனும் இல்லை, முரசு இல்லை. மெல்லிய வயலின், மரக்காற்று வாத்தியங்கள், கடைசியில் ஒற்றை ஹார்ப். ஒவ்வொரு ஸ்வரமாகத் தந்தியைத் தொட்டு விட்டு நின்றுபோகிறது. இத்தனை நேரம் நம்மை மிரட்டிய அதே ஸ்வரங்களுக்கு இப்போது நம் கண் கலங்குகிறது. புது சோக டியூன் ஒன்றைப் போட்டிருந்தால் யாரோ ஒருவர் இறந்துபோனார் என்று இருந்திருக்கும். பழைய டியூனே உடம்பு மெலிந்து வந்ததால்தான் இவர் இறந்தார் என்று இருக்கிறது.

நம் கச்சேரியில் இதற்குப் பெயர் உண்டே. சங்கதி. பல்லவியின் ஒரே வரியை வித்வான் திரும்பத் திரும்பப் பாடுகிறார். முதல் சங்கதி எளிமையாக, இரண்டாவது ஒரு வளைவோடு, ஐந்தாவது சங்கதியில் சபை “ஆஹா” என்கிறது. வரி மாறவில்லை. மாறாத அந்த வரியின் மேல் வைத்துப் பார்க்கும்போதுதான் மாற்றம் தெரிகிறது. முதல் சங்கதி காதில் இல்லாதவருக்கு ஐந்தாவது வெறும் பிருகா. அந்த ஹார்ப் வேடரின் கடைசிச் சங்கதி.

அதற்கு ஆர்கெஸ்ட்ரா ஏன் வேண்டும் என்பதும் இங்கேதான். ஒரே டியூனுக்கு இத்தனை உடம்பு கொடுக்க இத்தனை விதமான மனிதர்களும் மரமும் பித்தளையும் தேவை. நாற்பது வயலின் சேர்ந்து ஒரு ஸ்வரத்தைப் பிடிக்கும்போது நாற்பதும் கொஞ்சம் கொஞ்சம் வேறு வேறாகத்தான் இருக்கும். ஒருவர் வில் சற்று முன்னால், ஒருவர் விரல் சற்று அகலமாக நடுங்கும். அந்த வித்தியாசங்கள் சேர்ந்துதான் ஒலிக்குச் சதை வருகிறது.

இதை நான் இழப்பின் மூலமாகவும் கற்றேன். தொண்ணூறுகளில் ஒரு படம். முதல் பாதியில் அம்மாவுக்கு வரும் டியூனை நாங்கள் முப்பது பேர் வாசித்தோம். எழுதியவர் எங்கள் வில்லின் மூச்சுக்கு எழுதியிருந்தார், ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒலி தேய்ந்து அடங்கும். கிளைமாக்ஸுக்கு மறுநாள் காலை ஏழு மணி கால்ஷீட். போனோம். வயலின் கேஸைத் திறக்கும் முன்பே திருப்பி அனுப்பிவிட்டார்கள். செலவு அதிகம், கீபோர்டில் போட்டுக்கொள்கிறோம் என்று சொன்னார்கள். பிறகு தியேட்டரில் பார்த்தேன். அதே டியூன், அதே ஸ்வரம். மகன் அம்மாவின் காலடியில் உட்காரும் இடத்தில் ஒலி சமமாக நீண்டுகொண்டே இருந்தது. தேய வேண்டிய இடத்தில் தேயவில்லை. முதல் பாதியில் அழுத என் மனைவி அங்கே அழவில்லை. ஏதோ வேறு படம் மாதிரி இருக்கு என்றாள். வருமானம் போனது வேறு விஷயம். அந்த டியூனுக்கு வர வேண்டிய கடைசிச் சங்கதி வராமலே போனதுதான் இன்றும் என் மனதில் நிற்கிறது.

கீபோர்டு மேல் எனக்குப் பகை இல்லை. அதைக் கொண்டு இந்த ஊரிலேயே ஏ.ஆர். ரஹ்மான் என்னென்ன செய்து காட்டினார் என்று பார்த்தவன் நான். புது ஒலி வேண்டிய இடத்தில் அது ராஜா. பழைய ஞாபகம் புது உருவத்தில் வர வேண்டிய இடத்தில் எனக்கு மனிதர்கள் வேண்டும்.

1999இலிருந்து 2005 வரை வந்த மூன்று படங்கள் கதையின் முன்பகுதி. படங்களாக அவை எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. இசையில் வில்லியம்ஸ் அங்கேதான் ரொம்ப ஆழமாகப் போனார் என்று நினைக்கிறேன். காரணம், முடிவு நமக்கு முன்பே தெரியும். சின்னப் பையன் அனகின்தான் வேடர் ஆகப்போகிறான். திரையில் இருப்பவர்கள் யாருக்கும் அது தெரியாது, இசைக்குத் தெரியும். அனகினுக்கு எழுதிய டியூன் வெகுளியானது, இதமானது. அதன் கடைசி வளைவில் வேடரின் மார்ச்சிலிருந்து சில ஸ்வரங்கள் மெதுவாக வந்துவிட்டுப் போகும். தூங்கும் குழந்தையின் ஜாதகத்தைப் படித்தது போல இருக்கும்.

அதைவிடப் பெரியது 1999 படத்தின் கடைசி ஊர்வலம். ஊரே கொண்டாடுகிறது, குழந்தைகள் கூட்டமாகப் பாடுகிறார்கள், துள்ளலான மேஜர் டியூன். அதை மெதுவாக்கி, மைனருக்கு மாற்றி, ஆண்களின் கனத்த குரலில் பாடிப் பாருங்கள். 1983 படத்தில் வேடரின் எஜமானரான பேரரசருக்கு வரும் இருட்டு டியூன் வந்துவிடும். சனங்கள் ஜெயித்ததாக நினைத்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஜெயித்தது யார் என்று இசை சொல்லிக்கொண்டிருக்கிறது. எனக்கு இது புரிந்த அன்று இரவு பன்னிரண்டு மணிக்கு வயலினில் மியூட் போட்டு இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்தேன்.

அதே படத்தின் வாள் சண்டைக்கு வரும் கோரஸ் சமஸ்கிருதம் என்பது பலருக்குத் தெரியாது. பழைய வெல்ஷ் கவிதை ஒன்றின் ஆங்கில வடிவத்திலிருந்து சில வரிகளை எடுத்து சமஸ்கிருதத்தில் பெயர்த்தார்கள். வில்லியம்ஸ் அதன் அசைகளை ஒலிக்காகத் தேர்ந்தெடுத்து அடுக்கினார். அதனால் சமஸ்கிருதம் படித்தவர் கேட்டாலும் பொருள் கிடைக்காது. ஆனால் ஏதோ ஒரு கோயிலுக்குள் சண்டை நடப்பது போல ஒரு கனம் வந்துவிடுகிறது.

நீங்கள் சொன்ன சோம்பேறித்தனம் எங்கேயும் இல்லை என்று நான் சாதிக்கமாட்டேன். 2002 படத்தின் கடைசிப் போர்க் காட்சிகளைக் கவனியுங்கள். அங்கே பல இடங்களில் 1999 படத்தின் ஒலிப்பதிவையே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். காட்சிக்கும் இசைக்கும் சம்பந்தம் இல்லாமல் சத்தம் மட்டும் ஓடும். அது சங்கதி இல்லை, பழைய டேப்பைத் திருப்பிப் போடுவது. டியூன் திரும்பி வரும்போது ஏதாவது புதிதாகச் சொல்கிறதா என்று பாருங்கள். சொன்னால் அது ஞாபகம். சொல்லாவிட்டால் உங்கள் புகார் நியாயம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஞாபகம் எல்லாம் முதல் நாளே திட்டம் போட்டு வந்ததில்லை. 1977இல் இது தொடர்கதையாகும் என்று வில்லியம்ஸுக்குத் தெரியாது. லூக்கும் இளவரசி லேயாவும் உடன்பிறந்தவர்கள் என்பதும் தெரியாது. ஓபி-வான் கொல்லப்படும்போது பின்னால் எழுவது லேயாவின் டியூன். அவளுக்கும் அந்தக் கிழவருக்கும் பெரிய பழக்கம்கூடக் கிடையாது. அந்த நேரத்து உணர்ச்சிக்கு அந்த டியூனின் விரிவு பொருந்தியது, போட்டார். வேலை செய்கிறவர் கைக்கு விதி பிறகுதான் வந்தது. எந்த டியூன் எங்கே நின்றதோ, அதைப் பிறகு மதித்து நடந்தார்.

2015இலிருந்து 2019 வரை வந்த மூன்று படங்களுக்கு லண்டனை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸில் பதிவு செய்தார்கள். ஆரம்பத்தில் ஒலிக்கும் ஃபாக்ஸ் கம்பெனியின் முழக்கமும் போய்விட்டது. அது ஆல்ஃப்ரெட் நியூமேன் என்பவர் எழுதியது. அதே பி ஃபிளாட்டில்தான் வில்லியம்ஸ் தன் டைட்டிலையும் வைத்திருந்தார், அதனால் இரண்டும் ஒரே இசைபோலப் பழைய ரசிகர் காதில் ஒட்டிப்போயிருந்தது. கதையில் இந்த மூன்று படங்களும் தடுமாறின என்பது என் கருத்து. ஆனால் 2015 படத்தில் பனிக்குள் கிடக்கும் லூக்கின் வாள், வேடரின் பேரனைத் தாண்டிப் பறந்து ரே என்ற பெண்ணின் கைக்குப் போகும் இடத்தில் ஃபோர்ஸ் டியூன் எழும்போது வசனமே தேவைப்படவில்லை. அந்தப் பெண் யார், ஏன் அவளுக்கு என்று திரைக்கதை இரண்டு மணி நேரம் திணறியதை டியூன் ஒரு வரியில் ஒப்படைத்துவிட்டது. 2017இல் லூக் உயிர்விடும்போது எதிரே மறுபடியும் இரண்டு சூரியன்கள், மறுபடியும் அந்த டியூன். 40 வருஷத்துக்கு முன் மணல் மேட்டில் நின்ற அதே பையன்.

மற்றவர்கள் இசையமைத்ததில் இரண்டைச் சொல்கிறேன். 2016இல் ‘ரோக் ஒன்’ படத்துக்கு மைக்கேல் ஜியாக்கினோவுக்குக் கிடைத்தது ஏறக்குறைய நாலரை வாரம்தான். அந்த அவகாசத்தில் வில்லியம்ஸின் இலக்கணத்திலேயே பேசியது பெரிய உழைப்பு. லுட்விக் யோரன்சன் ‘மாண்டலோரியன்’ தொடரில் வேறு வழி போனார். பாஸ் ரெக்கார்டர் என்ற பெரிய மரக்குழலில் ஒரு தனிமையான அழைப்பு, கூடவே மின்னணு ஒலிகள். அது சரியான முடிவு. அந்தக் கதாநாயகன் ஸ்கைவாக்கர் குடும்பத்துக்காரன் இல்லை, அந்த ஞாபகம் அவனுக்குச் சொந்தமில்லை. சிந்தசைசர் எங்கே பொருந்தும் என்ற உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் நல்ல உதாரணம்.

மறுபடியும் ஒன்பதையும் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்காது. மூன்றே மூன்று இடங்களை மட்டும், நல்ல ஹெட்ஃபோனில், இந்த வரிசையில் கேளுங்கள். 1977 படத்தில் இரட்டைச் சூரியன். 1983 படத்தில் முகமூடி கழற்றும் இடம். கடைசியாக 2005 படத்தின் கடைசி நிமிடங்கள். அங்கே வேடர் இப்போதுதான் உருவாகியிருக்கிறார். லூக், லேயா இருவரின் அம்மா இறந்துவிட்டாள். கைக்குழந்தை லேயாவை வளர்ப்புத் தாயிடம் கொடுக்கும்போது அவள் டியூன் வரும். பிறகு பாலைவனத்தில், கைக்குழந்தை லூக்கை மாமாவிடமும் அத்தையிடமும் ஒப்படைக்கிறார் ஓபி-வான். மாமா முதல் படத்தில் பையன் நின்ற அதே மாதிரி நிற்கிறார். இரண்டு சூரியன்கள். ஹார்னைக் கேளுங்கள். அந்தக் குழந்தைக்கு இன்னும் பெயர் தவிர எதுவும் நடக்கவில்லை, ஆனால் அவன் டியூன் அவனுக்கு முன்பே அங்கே வந்து காத்திருக்கிறது.